கலந்தர் பேரில் ஒரு ரிப்போர்ட்

அன்று காலை என் மகள் மர்யம் பாதிப் பரோட்டாவைத் தின்றுவிட்டு மீதியை என் தட்டில் வைத்தாள். முகம் வீங்கியிருந்தது. முந்தின நாளிலிருந்து சிறுநீரும் சரியாகப் போகவில்லை. பயந்துபோய்க் கடைத்தெரு லேப்புக்கு அழைத்துப்போனேன்.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா," என்றாள் கம்ப்யூட்டரில் இருந்த ஷோபனா.

குவைத்தில் இருக்கும் என் கணவரின் நம்பரைச் சொன்னேன். வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

"கலந்தர் அண்ணன் பேரு ஏற்கெனவே இருக்கு. அதுலயே போட்டுடவா? ரிப்போர்ட் அவருக்கும் போயிடும்."

"போடும்மா, சீக்கிரம்."

மாலையில் ரிப்போர்ட் வந்தது. ஷோபனா தாளைக் கொடுத்துச் சொன்னாள்:

"கிட்னிக்கான கிரியாட்டினின் 1.1. அளவு தாண்டினா சிவப்புல வரும். ஒரு சிவப்புகூட இல்லக்கா, நிம்மதியா தூங்குங்க!"

குவைத்திலிருந்து அவரும், "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். நான் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மர்யம் கண் திறக்கவில்லை. டாக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பேருல பதிஞ்சீங்க? கம்ப்யூட்டர் அவரு வயசுக்கான அளவைப் போட்டிருக்கு. நாப்பது வயசு ஆம்பளைக்கு 1.1 சரிதான். இவளுக்கு ரெண்டு மடங்கும்மா. அன்னிக்கே கிட்னி கெட்டிருக்கு."

மூன்று வருடம் ஆகிறது. மர்யமுக்கு இன்னும் நாலு வயதுதான்.