புனிதரின் பாதம்

பேழையின் மூடியைத் தூக்கியபோது துறவி வின்பெர்ட் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஆயர் ஹுன்வால்டை அடக்கம் செய்து பதினொரு வருடமாகிறது. வழக்கப்படி இன்று திறக்கிறார்கள். உடல் கெடாமல் இருந்தால் அவர் புனிதர். கெட்டுப்போயிருந்தால் எல்லோரையும் போல அவரும் செத்துப்போன ஒரு ஆள்.

பீடத்தருகே நின்ற அரசர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "உள்ள வெறும் எலும்பா கிடந்துச்சுன்னா உங்க நிலத்தை வேற மடத்துக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் பட்டினி கிடந்து நீங்களே புனிதராகிக்கங்க."

எலும்புதான் கிடந்தது. கல்லறைப் பொறுப்பு வின்பெர்ட்டுடையது. நேற்று இரவே யாருக்கும் தெரியாமல் திறந்து பார்த்துவிட்டார்.

இரவோடு இரவாக எலும்பைப் பீடத்துக்கு அடியில் ஒளித்தார். மதிலுக்கு வெளியே பள்ளத்தில் போன வாரம் புதைத்திருந்த, விலாங்கு மீன் பிடிக்கிறவனின் பிணத்தைத் தோண்டியெடுத்து, ஆயரின் உடுப்பை மாட்டிப் பேழையில் கிடத்தினார். சதுப்பு மண்ணின் குளிரில் அவன் அப்படியே இருந்தான். நல்லவேளை, புனிதரின் முகத்துணியை விலக்கும் வழக்கம் இல்லை. பாதம் மட்டும்தான் வெளியே தெரியும்.

"கெடவே இல்ல!" என்று யாரோ கத்தினார்கள். மடமே மண்டியிட்டது, அரசரும்தான்.

சனங்கள் வரிசையாக வந்து பாதத்தை முத்தமிட்டார்கள். வரிசையில் தெத்தாவும் நின்றாள். விலாங்கு பிடிக்கிறவனின் மனைவி.

வெறும் பாதத்தைப் பார்த்து என்ன கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்று வின்பெர்ட் தன்னையே தேற்றிக்கொண்டார்.

குனிந்தவள் நிமிரவில்லை.

அப்போதுதான் அவரும் பார்த்தார். இடது காலில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒட்டியிருந்தன. சேற்றைக் கழுவிய அவசரத்தில் அது கண்ணில் படவில்லை.

இவள் வாயைத் திறந்தால் போதும். அவர் தலையும் இருக்காது, மடமும் இருக்காது.

கத்தத்தான் போகிறாள் என்று நினைத்தார். போன வாரம் கணவனைப் படகில் கிடத்திக் கொண்டுவந்து, கோயில் மண்ணில் ஒரு மூலை கொடுங்கள் என்று அழுதாள். தானே தண்ணீரில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவனுக்கு உள்ளே இடமில்லை என்று கதவைச் சாத்தியவர் வின்பெர்ட்தான்.

தெத்தா அந்த விரல்களின் மேல் நெற்றியை வைத்தாள். பிறகு எழுந்து அவர் காதருகே வந்தாள்.

"இனிமே இவர வெளிய தூக்கிப் போட மாட்டீங்கல்ல, சாமி?"