நான்காம் வரிசைத் தேக்கு

"மரத்தோட கனம் அதோட பரம்பரையில இருக்கு. மனுஷனுக்கும் அதே சட்டம்தான்" என்று சம்பந்தம் அறிவித்தபோது, அவருடைய வலது கால் கெண்டைக்கால் வரை சேற்றில் இருந்தது.

காலை உருவ முடியவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே பேச்சைத் தொடர்ந்தார்.

ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டு வியாபாரம். கண்ணமங்கலம் சாலையில் இரண்டு ஏக்கர் தேக்கு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வரவழைத்த திசு வளர்ப்புக் கன்றுகள். அத்தனையும் ஒரே தாய் மரத்தின் பிள்ளைகள். வம்சம் தெரியாத செடி எதையும் தன் மண்ணில் விடுவதில்லை என்பது அவர் கொள்கை.

மர ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த லாவண்யா, தோப்பில் தாய் மரம் தேடிக்கொண்டிருந்தாள். கட்டை கனமாக விளைந்த மரம் ஒன்று கிடைத்தால், அதிலிருந்து கன்று எடுத்து மாவட்டம் முழுக்கக் கொடுப்பார்கள். ரகத்துக்குத் தோப்புக்காரர் பேரை வைப்பார்கள்.

'சம்பந்தம் தேக்கு.' விசிட்டிங் கார்டில் அச்சடித்தாகிவிட்டது.

கனம் என்றதும் அவருக்குத் தராசுதான் ஞாபகம் வந்தது. தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுக்குமுன் லேசாக ஈரம் காட்டுவது கடையின் பழைய வழக்கம். அதையே மரத்துக்கும் செய்தார். இரண்டு நாளாக மோட்டார் நிற்கவேயில்லை.

"எதுக்கு சார் இவ்ளோ தண்ணி? நாங்க கட்டையை ஓவன்ல காய வெச்சிட்டுத்தான் எடை போடுவோம்" என்றாள் லாவண்யா.

வரப்பில் நின்றிருந்த அவர் மனைவி ஜெயம் சிரித்தாள். "நூலா இருந்தா யாரும் காய வெச்சுப் பாக்க மாட்டாங்க இல்ல?"

சம்பந்தம் முறைத்தார். கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை.

லாவண்யா கையிலிருந்த கருவியை மரத்தில் அழுத்தி விசையைத் தட்டினாள். ஓர் ஊசி பாய்ந்து கட்டைக்குள் இறங்கும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, கட்டை அவ்வளவு லேசு.

பதினெட்டு மில்லிமீட்டர். பத்தொன்பது. மறுபடி பதினெட்டு. வெளி மாநிலத்து வம்சம் பஞ்சு மெத்தை மாதிரி ஊசியை வாங்கிக்கொண்டது.

ஒவ்வோர் எண்ணுக்கும் சம்பந்தம் ஓர் அங்குலம் குள்ளமானார். அதற்குச் சேறும் ஒரு காரணம்.

நான்காம் வரிசையில் கடைசிக்கு முந்தின மரம்.

பதினொன்று.

லாவண்யா மறுபக்கம் போய் அடித்தாள். பத்தரை.

"சார், இதுதான்! மூணு வருஷமா சுத்திகினு இருக்கேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

சம்பந்தம் நிமிர்ந்தார். "நான் சொல்லல? ரத்தம் பேசும் மேடம்."

"ஆனா ஒண்ணு இடிக்குது. ஒரே தாயோட பிள்ளைங்க, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. இது மட்டும் எப்படி இவ்ளோ கனம்? இது உங்க லாரியில வந்த கன்னுதானா?"

"இதுல இன்னா சந்தேகம்?"

"அந்த எடத்துக் கன்னு நட்ட மாசமே செத்துப் பூடுச்சுங்க" என்றாள் ஜெயம். "நீங்க கடையே கதின்னு இருந்தீங்க. சந்து காலியா கெடக்குதேன்னு நான்தான் வீட்டுல இருந்த கன்னு ஒண்ணை வெச்சேன்."

"வீட்டுல ஏது கன்னு?"

ஜெயம் சொன்னாள்.

லாவண்யா மரத்தைச் சுற்றி மஞ்சள் பட்டை அடித்து எண் போட்டாள். அடுத்த ஆடிக்குள் முதல் ஆயிரம் கன்று தயாராகிவிடும் என்றாள். பிறகு படிவத்தை எடுத்து, 'பூர்வீகம்' என்ற கட்டத்தில் சிரிக்காமல் எழுதினாள்: கல்யாணத் தாம்பூலப் பையில் வந்தது.

யார் கல்யாணம் என்பது கணவன் மனைவி இருவருக்குமே நினைவில்லை.