பலாமரத்துக்கு ஒரு ஸ்கேன்

"மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றவருக்கு இப்பத்தான் மரம் ஆபத்தாத் தெரியுதா சார்?"

விஜயலட்சுமி பலாமரத்தைக் கட்டிப்பிடித்தபடி கேட்டாள். கேள்வி கொளஞ்சிநாதனுக்கு, முகம் மட்டும் செல்போன் கேமராவுக்கு.

கூடி நின்ற தெரு மொத்தமும், "அதானே!" என்றது.

சண்முகப்பிரியா பெட்டியைத் திறந்து சென்சார்களை எடுத்து வைத்தாள். மரத்தில் துளை போடாமல், கிளையை வெட்டாமல், ஒலியை உள்ளே அனுப்பியே அது உளுத்திருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. எத்தனையோ மரம் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை.

பின்னே என்ன? கொளஞ்சிநாதனுக்கு மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, சொந்த ஊர் கம்மாபுரத்துக்குப் போகப் போகிறார். போகிறவர் சும்மா போகவேண்டியதுதானே? 'வாசல் பலாமரம் உள்ளே உளுத்துவிட்டது, விழுந்தால் ஆளைக் கொல்லும்' என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரே நட்டு, அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். இப்போதும் அடிமரத்தில் பதினெட்டுக் காய் தொங்குகிறது.

"அடுத்து வர்றவன் ஒரு சுளை தின்னுடக் கூடாது. வைக்கப்போர் நாய் கதைதான்!" என்றாள் விஜயலட்சுமி.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி. தெருவின் 'பசுமைத் தோழிகள்' வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். தினம் காலையில் பூமித்தாய்க்கு வணக்கம் போடாமல் பல் தேய்க்க மாட்டாள்.

"உளுத்துப்போச்சுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் சண்முகப்பிரியா.

"தட்டிப் பாத்தேம்மா. பழுத்த பழம் கணக்கா தொம்மு தொம்முனு கேக்குது."

தெரு கொல்லென்று சிரித்தது. காயைத் தட்டியே இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்கிற சீமை இது. மரத்தையும் தட்டிச் சொல்ல ஒரு மேதை கிளம்பிவிட்டார்!

சண்முகப்பிரியா அடிமரத்தைச் சுற்றிச் சென்சார்களைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டினாள். கெட்டி மரத்தில் ஒலி விறுவிறுவென்று ஓடும். உளுத்த இடம் வந்தால் சுற்றிக்கொண்டு வரும். லேப்டாப்பில் மரத்தின் வயிறு வட்டமாக விரிந்தது. நீலம் இருந்தால் உளுத்தது. பழுப்பு இருந்தால் நல்லது.

ஒரு பொட்டு நீலம் இல்லை.

"மரம் கல்லு மாதிரி இருக்கு. எங்கயும் உளுக்கலை" என்றாள்.

தெரு கைதட்டியது. விஜயலட்சுமியின் முகம் ஒரு நொடி தொங்கிப்போனது. சட்டென்று சுதாரித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து இரண்டு விரல் காட்டினாள்.

"மரத்தைக் காப்பாத்தின மகராசி!" என்று அவளை நோக்கி யாரோ கத்தினார்கள். கொளஞ்சிநாதனைப் பார்த்து, "முப்பது வருஷம் எங்ககூட இருந்துட்டு, போற நேரத்துல இப்படிப் பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்ததும் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். சண்முகப்பிரியா வாங்கவில்லை.

"வளர்த்த கையாலயே வெட்டப் பாத்தீங்களே சார், எப்படி மனசு வந்துது?"

"ரிப்போர்ட்டுல, வெட்டக் கூடாதுன்னு எழுதிடுவியாம்மா? படிக்கிறவங்களுக்கு நல்லா வெளங்கற மாதிரி?"

"வெட்டக் கூடாதுன்னா? வெட்டணும்னு கேட்டதே நீங்கதானே!"

அவர் செல்போனைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினார். வேறொரு மனு. போன மாதத் தேதி. 'பலாப்பழம் விழுந்தால் எங்கள் புதுக் காரின் கண்ணாடி உடையும். கார் ஷெட் போடவும் இடைஞ்சல். பக்கத்து வீட்டு மரத்தை வெட்டித் தரவும்.' கீழே கையெழுத்து, விஜயலட்சுமி.

"பாக்கி இல்லன்னு நோ டியூ சர்டிபிகேட் வாங்கப் போனப்ப ஆபீஸ் மேசை மேல கெடந்துது. திங்கக்கெழம வெட்டறதா இருந்துச்சும்மா. வூட்டக் காலி பண்ணிக்கினு போறவன் வேணாம்னு சொன்னா எடுபடுமா? உளுத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாத்தான் மிஷின் வெச்சுப் பாப்பாங்களாம். மிஷினே நல்ல மரம்னு சொல்லிட்டா அப்பறம் எவனும் கை வைக்க மாட்டானாம்."

சண்முகப்பிரியாவுக்கு முகம் சுண்டிப்போனது. மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ அந்தம்மா கட்டிப்பிடிச்சது எல்லாம் நாடகமா? மரம் போனா பழி உங்களுக்கு, ஷெட் அவங்களுக்கு! என்ன நெஞ்சழுத்தம் சார்! குடுங்க அந்தப் போட்டோவை. இப்பவே அவங்க குரூப்லயே போட்டு நாறடிக்கிறேன்."

"ஐயய்யோ, அந்த வேலை மட்டும் செஞ்சிடாதம்மா!" கொளஞ்சிநாதன் பதறிப்போய் போட்டோவை அழித்தார்.

"ஏன் சார்?"

"தெருவே இப்ப அவங்கள மகராசின்னு சொல்லிக்கினு இருக்குது. நான் போனப்பறம், அந்தப் பேரக் காப்பாத்திக்கவாவது அவங்க இந்த மரத்தக் காப்பாத்திக்கினுதான ஆவணும்?"