விளக்கு மினுக்காத பஸ்

"ஏம்மா ஷிஹோ, அந்தக் கார்க்காரர் நின்னு வழி விட்டாரு. ஒரு நன்றிகூட சொல்லாம வந்துட்டியே!"

பின் சீட்டிலிருந்து ஓக்குபோ அக்காவின் குரல். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

ஷிஹோ இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பஸ்ஸை ஓட்டினாள். காது மட்டும் சிவந்துபோனது.

"வேலை நிரந்தரம் ஆகப்போகுதுல்ல, அந்தத் திமிரு," என்றார் பக்கத்தில் இருந்த சலூன்கார ஓனோதெரா. "நேத்து வரைக்கும் நாலு இண்டிகேட்டரையும் மினுக்கி மினுக்கி நன்றி சொன்ன பொண்ணுதானே இது?"

நாகசாகியின் மேட்டுத் தெருக்களில் அதுதான் மரியாதை. ஸ்டாப்பிலிருந்து பஸ் வெளியே வர யாராவது வழி விட்டால், நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து இரண்டு தடவை மினுக்க வேண்டும். எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மினுக்காமல் போகிறவரை யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

ஷிஹோ மினுக்காததற்குக் காரணம், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் குரோசாகி.

காலையில் டிப்போவிலேயே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த விளக்கு ஆபத்துக்குத்தான். நீங்க போற வர்ற வண்டிக்கெல்லாம் கண்ணடிச்சுட்டே போறீங்கன்னு ஒரு பயணி புகார் எழுதியிருக்கார். இன்னைக்கு ஒரு தடவை மினுக்கினாலும் ஃபெயில். கை ரெண்டும் ஸ்டியரிங்கை விட்டு நகரக் கூடாது. விதின்னா விதி."

"அப்ப வழி விட்டவங்களுக்கு எப்படி சார் நன்றி சொல்றது?"

"மனசுக்குள்ள சொல்லிக்குங்க."

ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. இந்த ரூட்டில் ஓட்டும் முதல் பெண் அவள்தான். இன்று தேறாவிட்டால், மறுபடி அப்பாவின் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றதும், நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட ஓக்குபோ அக்கா முன்னால் வந்தார். குரோசாகியின் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். அட்டையில் 'ஓட்டுநர் தேர்வு' என்று இருந்ததைப் படித்தார். வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

"அடப் பாவமே, பொண்ணுக்குப் பரீட்சை நடக்குதுய்யா! அது தெரியாம நாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டோம்."

ஓனோதெரா தலையைச் சொறிந்துகொண்டார்.

கடைவீதி ஸ்டாப்பில்தான் வந்தது வினை. பஸ் வெளியே வர முடியவில்லை. ஒரு கார், இரண்டு கார், பத்து கார். யாரும் நிற்கவில்லை. குரோசாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டானாலும் மார்க் போகும்."

அப்போது ஒரு பெரிய லாரி வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த அத்தனை வண்டிகளையும் நிறுத்திக்கொண்டு நின்றது. 'போம்மா' என்பது போல் முன் விளக்கை ஒருதரம் அடித்தது.

ஷிஹோ பஸ்ஸை வெளியே எடுத்தாள். பழக்க தோஷம், இடது கை தானாக அந்த பட்டனை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. தனக்காக ஒரு தெருவையே நிறுத்தி வைத்த மனிதருக்கு ஒரு மினுக்கல் போட முடியாத வேலையும் ஒரு வேலையா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனால் போகிறது என்று விரலை நீட்டினாள்.

"கையை எடு ஷிஹோ! நாங்க பாத்துக்கறோம்!"

ஓக்குபோ அக்காவின் குரல். ஷிஹோவின் கை சட்டென்று ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தாள்.

பின் சீட்டில் இருந்த ஐந்து பேரும் உட்கார்ந்தபடியே பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். ஐந்து தலையும் ஒன்றாகக் குனிந்தன. லாரிக்காரர் திகைத்துப்போனார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தார். இவர்கள் மறுபடி குனிந்தார்கள். அவரும் மறுபடி குனிந்தார்.

"என்ன நடக்குது அங்க?" என்று குரோசாகி எழுந்து விடுவிடுவென்று பின்னால் போனார். "ஓடற பஸ்ஸுல என்ன கூத்து இது! எல்லாரும் ஒழுங்கா..."



கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் இப்போது குரோசாகியைப் பார்த்துத் தலை குனிந்தார். ஒருவர் குனிந்தால் எதிரில் இருப்பவரின் இடுப்பு கேட்காமலே வளைகிற ஊர் இது. குரோசாகி குதிகாலைச் சேர்த்து வைத்து, இடுப்பை வளைத்து, எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தார்.

ஷிஹோவுக்கு விதிப் புத்தகத்தில் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் அப்படியே இருக்க, தலையில் மாட்டியிருந்த மைக்கில் பேசினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. ஓடும் பஸ்ஸில் எழுந்து நிற்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் குரோசாகி அவர்களும் தயவுசெய்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. ஓனோதெரா கை தட்டினார். குரோசாகியின் முகம் பழுத்த தக்காளியானது.

"விதின்னா விதிதானே சார்!" என்றார் ஓக்குபோ அக்கா.

குரோசாகி முன்னால் திரும்பி வரவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று அந்த ஐந்து பேருக்கு நடுவிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அட்டையை எடுத்து, 'விதி தவறவில்லை. யாருக்காகவும் வளைக்கவில்லை. தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த ஸ்டாப் எப்பம்மா வரும்?"