பால் ஊத்துற கை

“அந்தக் கையை இண்டைக்கே அழிச்சிருங்க, தம்பி.”

முத்தலிப் காக்கா வெள்ளைப் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து பாக்கியரத்தினத்தின்ர கதிரைக்குப் பக்கத்தில வைச்சார். பாக்கியரத்தினம் வாயில எடுத்த தேத்தண்ணியை விழுங்க மறந்துபோனார்.

துறைமுக வீதியில முன்னுக்குத் தேத்தண்ணிக் கடை, பின்னுக்குக் காக்கான்ர வீடு. வீட்டுக்குப் போக ஒரே வாசல், அது கடைக்குள்ளால. அந்த வாசலுக்கு மேல சுவர் நிறைய ஒரு கை. முகமில்லை, உடம்பில்லை. ஒரு பொம்பிளையின்ர வலது கை மட்டும், முழங்கையில இருந்து விரல் வரைக்கும். அது சட்டியைச் சரிச்சுப் பால் ஊத்திக்கொண்டிருக்கு.

வெள்ளைக்காரன்ர நேவி துறைமுகத்தை விட்டுப் போகேக்க, அங்க கப்பலுக்குப் பேர் எழுதின பாக்கியரத்தினத்துக்கு மிஞ்சினது ஒரு பழைய கலண்டர்தான். வேலை மிஞ்சேல்லை. கலண்டரில, ஒல்லாந்துக்காரன் ஒருத்தன் முந்நூறு வருஷத்துக்கு முந்திக் கீறின படம். குசினியில ஒருத்தி பால் ஊத்துறா.

காக்கா சுவரைத் தந்தார். ஆனா ஆளைக் கீற விடேல்லை. தொழுற மனுசன்ர கடையில முகம் வேண்டாம் எண்டார். சரியெண்டு பாக்கியரத்தினம் கையை மட்டும் எடுத்தார். அந்தத் தடிச்ச சிவத்த கையை எங்கட ஆக்களின்ர மெல்லிய கறுத்த கையாக்கினார். கண்ணாடிக் காப்புப் போட்டார். படத்தில பால் இருந்த ஒல்லாந்துக் கூசாவை எடுத்துப்போட்டு, கந்தளாய்த் தயிர்ச்சட்டியைக் குடுத்தார்.

“பால் நல்லாத்தான் விழுகுது. எங்கட கோப்பையிலதான் விழுகுதில்லை” எண்டு அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் இராசதுரை நாள் தவறாமல் சொல்லுவார்.

இப்ப அந்தக் கையைப் பார்க்க வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து ஒரு ஹோட்டல் முதலாளி வாறார். பிடிச்சால் புது ஹோட்டலின்ர சாப்பாட்டு மண்டபச் சுவரெல்லாம் பாக்கியரத்தினத்துக்குத்தான். வள்ளங்களுக்கு நம்பர் எழுதிச் சீவிக்கிற மனுசனுக்கு வேற நம்பிக்கை கிடையாது. காக்காவுக்கும் அது தெரியும்.

“வெள்ளிக்கிழமை மட்டும் பொறுங்கோ, காக்கா. அந்த ஆள் பார்த்திட்டுப் போகட்டும். பிறகு நானே அழிக்கிறன்.”

“ஏலா. மத்தியானத்துக்கு முந்தி அழியவேணும்.”

“அப்ப ஒரு சீலையைப் போட்டு மூடிவிடுவம்.”

“மூடினா எல்லாரும் தூக்கிப் பார்ப்பாங்க.”

ஏனெண்டு கேட்டதுக்கு, பள்ளிவாசல்ல கதைக்கிறாங்க எண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில இருக்கிற சரீப், மூலை மேசையில ரொட்டி பிய்ச்சுக்கொண்டிருந்தார். அங்க ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டார். முகமில்லாத கைக்கு ஆர் குற்றம் சொல்லப்போறது, தான்கூட அதுக்குக் கீழ இருந்துதானே சாப்பிடுறது எண்டும் கேட்டார். காக்கா பெயின்ற் வாளியின்ர மூடியைக் கிளப்பினார்.

அதோட கடையில தீர்ப்பும் எழுதியாச்சு. சோடாக் கொம்பனிக்காரன் விளம்பரப் பலகைக்கு அந்தச் சுவரைக் கேட்டிருப்பான், காக்கா வித்திட்டார், பழியைப் பள்ளிவாசல்ல போடுறார்.

இராசதுரை பாக்கியரத்தினத்தின்ர காதுக்குள்ள சொன்னார்: “ஒரு மணித்தியாலம் இழுத்தடியும். ஆசுப்பத்திரியால பெண்சாதி இண்டைக்கு வாறாவாம். அவ வந்தால் மனுசன் அடங்கும்.”

பாக்கியரத்தினத்துக்கு அது உயிர் வந்த மாதிரி இருந்துது. காக்கான்ர பெண்சாதி நபீஸா ஒரு மாசமாக் கண்டி ஆசுப்பத்திரியில. என்ன வருத்தமெண்டு கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ், சுகம்” எண்டதோட காக்கா நிப்பாட்டிப்போடுவார். வீட்டுக் கதையைக் கடைக்குக் கொண்டுவாற ஆளில்லை. ஆனா நபீஸாவுக்கு இந்தப் படத்தில எவ்வளவு விருப்பமெண்டு பாக்கியரத்தினத்துக்குத் தெரியும். கீறி முடிச்ச அண்டு வாசல் திரைக்குப் பின்னால நிண்டு, காப்பை இன்னும் ரெண்டு கூட்டிப் போடச் சொன்னவ.

பாக்கியரத்தினம் பிரஷைத் தொடமாட்டன் எண்டு கையைக் கட்டிக்கொண்டு இருந்திட்டார்.

காக்கா தானே ஏணியில ஏறினார். பாரமான மனுசன், ஏணி முனகிச்சுது. முழங்கை போச்சு. காப்பெல்லாம் போச்சு.

“இதுக்கு நீங்கள் என்ர கையை வெட்டியிருக்கலாம், காக்கா.”

பிரஷ் சுவரிலயே நிண்டுது. இறங்கிவந்து அடிக்கப்போறார் எண்டு எல்லாரும் பார்த்தினம். அடிக்கேல்லை. ஒரு மூச்சு விட்டிட்டுத் திரும்பவும் பூசினார்.

வெளியில கார் ஹோர்ன் கேட்டுது.

காக்கா பிரஷை வாளிக்குள்ள போட்டிட்டு, பெயின்ற் கையோட ஓடினார். சுவரில மணிக்கட்டுக்கு மேல ஒண்டுமில்லை. அஞ்சு விரலும் சட்டியும்தான் மிச்சம்.

“நான் அவவிட்டையே கேக்கிறன்” எண்டு பாக்கியரத்தினம் எழும்பி, கடைவாசலுக்குப் போனார்.

போனவர் அங்கயே நிண்டார். பிறகு விறுவிறெண்டு திரும்பி வந்து ஏணியில ஏறி, பிரஷை எடுத்து, மிச்சக் கையை அழிக்கத் தொடங்கினார். பெருவிரல் போச்சு.

இராசதுரை எழும்பிட்டார். “என்ன ஐசே, உமக்கும் விசரே? வெள்ளிக்கிழமை ஆள் வருகுதெல்லே?”

பாக்கியரத்தினம் திரும்பிப் பார்க்கேல்லை. பிரஷ் மட்டும் ஓடிச்சுது.

“கடைவாசலை ஒருக்கா மறைச்சு நில்லுங்கோ, அண்ணை. கொஞ்ச நேரம் காணும். அவ உள்ள வரப்போறா. அவவுக்கு வலது கை மணிக்கட்டோட இல்லை.”