தொடைக்குப் பேர் வந்த கதை

"தொடைக்குத் தொடைன்னு ஏன் பேரு வந்துது? அத்த மட்டும் சரியா சொல்லிடு வாத்தியாரே, எம் பொண்ண உனக்கே கட்டிக் குடுக்கறேன்."

குப்புசாமி சொல்லிவிட்டுச் சிரித்தார். போன வாரம் தறியிலிருந்து அறுத்த பட்டுப்புடவை மடியில் கிடந்தது.

மாணிக்கவாசகம் பிள்ளையார்பாளையத்து இரவுப் பள்ளி ஆசிரியன். நாற்பத்தெட்டு வயதான குப்புசாமிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவன். பெண் கேட்டு வந்த இடத்தில் இப்படிப் பரீட்சை வைப்பார் என்று நினைக்கவில்லை.

"உன்னக் கொற சொல்லல. ஆனா தென்னேரில நெல்லு போடற குடும்பம் உங்களுது. நூல் தொடத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மனசு வரலபா. இந்தக் குஞ்சத்தப் பாரு!" முந்தானை நுனியை ஆசையோடு தடவினார். "ஆறு மாசமா எம் பொண்ணு கமலாட்சிதான் திரிக்கறா. மொதலாளியே மெச்சிக்கினாரு."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

மாணிக்கவாசகம் தொண்டையைக் கனைத்தான். "ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கறதால தொடை."

"ஒதடுகூடத்தான் தொட்டுக்கினு இருக்குது. அத்த ஏன் தொடைன்னு சொல்லல?"

"இடுப்போட காலைத் தொடுக்கறதால தொடை."

"அப்ப கழுத்து? அது தலைய ஒடம்போட தொடுக்கல?"

குப்புசாமியின் மனைவி அங்கம்மாள் காபி டம்ளரை வைத்தாள். "இன்னாங்க, வந்த புள்ளய இப்படி மெரட்டிக்கினு!"

"நீ சும்மாரு." குப்புசாமி வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினார். வலது தொடையில் பட்டையாக ஓரிடம் மட்டும் முடியே இல்லாமல் பளபளவென்று இருந்தது. "முப்பது வருசம் இதுமேல வெச்சுத்தான் நூலு திரிச்சேன். நூலத் தொடுக்கற எடம், அதான் தொட! உம் புத்தகத்துல இது இருக்குதா? படிச்சவன் தொடைய காட்டு பாப்போம், கரடி மாதிரி முடி இருக்கும்."

மாணிக்கவாசகத்தின் முகம் சிவந்தது. அங்கம்மாளை ஒரு தரம் பார்த்தான். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். எழுந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மெல்ல மடித்துக் கட்டினான்.

குப்புசாமி குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதே இடம், அதே பட்டை. ஒரு முடி இல்லை.

"அடப்பாவி! யாருபா உனக்கு இத்தக் கத்துக் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் அங்கம்மாள். "ஞாயித்துக்கெழம நீங்க மேட்னி ஷோவுக்குப் போனதும் வந்து ஒக்காந்துக்குவாரு. ஆறு மாசமா நீங்க தடவித் தடவி மெச்சிக்கினு இருக்கற குஞ்சமெல்லாம் மாப்ள திரிச்சதுதான். உங்க பொண்ணுக்கு ஒரு முடிச்சுகூட ஒழுங்கா போட வராது!"