தீக்குச்சி இல்லாத படம்

படத்தில் தீக்குச்சி இல்லை.

மூன்றாம் முறை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மண்சட்டி இருக்கிறது. சட்டியில் ஒரு கள்ளி இருக்கிறது. அது பொத்தான் அளவா பூசணி அளவா, யார் கண்டது? அதற்குத்தானே தீக்குச்சி.

கள்ளி வளர்ப்போரின் இணைய மன்றத்தில் நான்காவது விதி அது. படம் போடுகிறவர் செடிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைக்க வேண்டும். முதல் இரண்டு முறை மறந்தால் எச்சரிக்கை. மூன்றாம் முறை நீக்கம். விதியை எழுதியவளே அவள்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுப்பதும் அவள் வேலை. சம்பளம் கிடையாது. கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

ஒருவர் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் போடுவார். கள்ளி மன்றத்தில் ரோஜா! இன்னொருவர் தான் யாரென்றுகூடச் சொல்லாமல், செடி அழுகுகிறது என்று நேரே நடுவீட்டில் வந்து நிற்பார். எல்லோருக்கும் பொறுமையாக எழுதுவாள். ‘நன்றி மேடம்’ என்று பதில் வரும். ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள்.

பழகியவர்கள் அப்புறம் அவளிடம் பேசுவதில்லை.

பேச என்ன இருக்கிறது?

மத்தியானம் இரண்டு மணி. ஒரு தட்டும் ஒரு தம்ளரும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. காலையிலிருந்து அவள் வாய் திறந்து பேசியது கூரியர்காரரிடம் மட்டும். அதுவும் மேல்வீட்டுப் பார்சல்.

படம் போட்டவர் பெயர் எட்வின் தாஸ். நாகர்கோவில்காரர். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் எச்சரிக்கைக்கு அவர் எழுதிய பதில் அவளுக்கு மனப்பாடம்.

“தப்புதான் மேடம். வீட்டுல இப்போ தப்பு சொல்ல ஆளில்ல. நீங்க சொன்னது சந்தோசம்.”

போன வாரம் இரண்டாவது எச்சரிக்கை. அதற்கும் உடனே பதில் வந்தது. கோயம்புத்தூரில் மழையா என்றுகூடக் கேட்டிருந்தார். மன்றத்தில் செடியைத் தவிர வேறு பேச்சு கூடாது. அதுவும் ஒரு விதிதான்.

தூறல் என்று பதில் போட்டாள்.

இன்றைக்கு நீக்க வேண்டும். விதி என்றால் எல்லோருக்கும் விதி. போன மாதம் ஒரு டாக்டரையே நீக்கியிருக்கிறாள்.

மனசு வரவில்லை. இவரும் போய்விட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

ஏதோ ஒரு நப்பாசை. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

குச்சியின் மருந்துத் தலை.

குச்சியை வைத்துத்தான் எடுத்திருக்கிறார். எடுத்த பிறகு, அது இருந்த பக்கத்தை வெட்டிவிட்டிருக்கிறார்.

போன வாரப் படத்தைத் தேடி எடுத்தாள். அதிலும் ஓரத்தில் அதே சிவப்பு.

சிரிப்பு வந்தது.

பிறகு எழுதினாள்.

‘வணக்கம். செடிக்குப் பக்கத்தில் தீக்குச்சி வைக்க வேண்டும். இது உங்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை.’

ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

எதையும் திருத்தாமல் அனுப்பினாள்.